மகள் பிடித்த கெளுத்தி

அது ஒன்றும் பெரிய மீன் இல்லை. என் முழங்கை நீளம்கூட இருக்காது. ஆனால் அந்த மீனால்தான் எங்கள் குரூப் உடைந்தது என்று டெக்சஸின் பிளானோவில் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மீனைக் குறை சொல்லாதீர்கள், உடைத்தது நான்தான். அதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. கோபக்காரி, பட்டிக்காட்டுக்காரி, நாலு பேர் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாதவள் என்று அப்போது கிடைத்த பட்டங்களையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று சொல்லி, இந்தியாவிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வந்த காலம். நாங்கள் அதற்கு முன்பே வந்தவர்கள். கணவருக்கு டோல்வே நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. கோயம்புத்தூரில் கல்லூரிப் பெண்களுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, வேலை செய்யக் கூடாது என்று சொல்லும் விசா. மகள் டெக்சஸிலேயே பிறந்தவள். அவளுக்கு அப்போது ஆறு வயது. நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு குரூப். அதற்கு ஒரு தலைவர் இருந்தார். தேர்தல் வைத்து யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் வந்தவர், முதலில் கிரீன் கார்டு வாங்கியவர், முதலில் வேன் வாங்கியவர், அவ்வளவுதான். என் கணவரின் ரெஸ்யூமேயைத் தன் மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவரே. அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லும்போது என் கணவரின் குரல் கொஞ்சம் குனிந்துகொள்ளும்.

குரூப்புக்கு ஒரு சட்டம் உண்டு. ‘எல்லாருக்கும் பொதுவா வெஜ்.’ பிறந்தநாளோ, பொங்கலோ, பார்க்கில் பிக்னிக்கோ, எல்லாவற்றுக்கும் இதே சட்டம். யார் என்ன சமைத்துக்கொண்டு வருவது என்று தலைவரின் மனைவி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்வார். ஒருவருக்குப் புளிசாதம், இன்னொருவருக்குத் தயிர்சாதம், வேறொருவருக்குச் சப்பாத்தியும் குருமாவும். எனக்கு மட்டும், “நீங்க சிரமப்படாதீங்க. சின்னக் கொழந்தை வெச்சுருக்கீங்க. பேப்பர் பிளேட், கப், ஐஸ் இதெல்லாம் கொண்டு வந்துடுங்க, போதும்.” முதல் தடவை, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். கைக்குழந்தை வைத்திருந்தவளுக்கே அவியல் ஒதுக்கப்பட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நாங்கள் சைவம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தோம். ஆனால் எங்கள் ஊரையும் பேச்சையும் வைத்து, எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் என்னென்ன வெந்திருக்கும் என்று தலைவரின் மனைவி ஒரு கணக்குப் போட்டிருந்தார். கேட்கவும் மாட்டார், நம்பவும் மாட்டார்.

ஒருவர் மீன் சாப்பிடாமல் இருப்பதில் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. புரட்டாசி மாதம் எங்கள் வீட்டிலும் முட்டைகூட வராது. ஆனால் வெஜ் என்ற பெயரை வைத்துக்கொண்டு அந்தச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்திருந்தது வேறு ஒன்று. அதன் பெயர் சாதி. அது எல்லோருக்கும் தெரியும், டெக்சஸில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நாங்கள் சைவம் என்று முதலில் சொன்னவர் என் கணவர். வந்த புதிதில் தலைவர் வீட்டு விருந்தில் கேட்டபோது வாயில் வந்துவிட்டது என்றார். வந்தது வந்ததுதான், அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றுவது ஒரு தனி வேலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரிச்சர்ட்சன் வரை காரில் போய் வியட்நாம்காரர் கடையில் மீன் வாங்குவோம். பையைக் காரிலிருந்து இறக்கும்போது என் கணவர் சுற்றுமுற்றும் பார்ப்பார். ஜன்னலை மூடி, வாசல் கதவின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்து, அடுப்புக்கு மேலிருக்கும் ஃபேனைப் போட்டுக் குழம்பு வைப்பேன். சாப்பிட்டு முடித்ததும் வீடு முழுக்கச் சாம்பிராணி. நல்ல மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம். மகளுக்குப் பேச்சு வந்ததும் அவளையும் பழக்கினார். “ஆன்ட்டி வீட்டுல யாராவது கேட்டா, வி ஆர் வெஜ்னு சொல்லணும், ஓகே?” அவள் தலையாட்டுவாள். இதற்காக நான் சண்டை போட்ட ராத்திரிகள் நிறைய. எப்போது கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான், “கிரீன் கார்டு வரட்டும்.” சோபா வாங்க வேண்டும் என்றாலும் கிரீன் கார்டு வரட்டும். ஊருக்குப் போக வேண்டும் என்றாலும் கிரீன் கார்டு வரட்டும். மீன் சாப்பிடுகிறோம் என்று சொல்வதற்கும் அதே கிரீன் கார்டு வர வேண்டியிருந்தது.

அந்த வருஷம் மே மாத லாங் வீக்கெண்டில் ஏரிக்கரை ரிசார்ட்டுக்குப் போகலாம் என்று தலைவர் முடிவு பண்ணினார். நான்கு குடும்பங்கள். தலைவர் குடும்பம், நாங்கள், எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த மதுரைத் தம்பதி, கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த ஒரு ஜோடி. பிளானோவிலிருந்து கிளம்பி, ஹைவேயை விட்டு இறங்கி, பைன் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் போனால் ஏரி. ரிசார்ட் என்றதும் நான் நீச்சல் குளமும் ஹோட்டலும் நினைத்திருந்தேன். வரிசையாக மரக் கேபின்கள், ஒரு படகுத்துறை, ஐஸும் புழுவும் விற்கிற ஒரு கடை, அவ்வளவுதான். ஒரே குடும்பம் எல்லாவற்றையும் நடத்தியது. பெரியவர் படகுகளைப் பார்த்துக்கொண்டார், அவர் மனைவி கடையில் உட்கார்ந்திருந்தார், மகள் கேபின்களைச் சுத்தம் செய்தாள், மருமகன் எந்நேரமும் ஒரு படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தான்.

போய் இறங்கியதும் எங்கள் ஆட்கள் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வேண்டும். தலைவரின் மனைவி கேபின் சமையலறையிலிருந்த பாத்திரங்களையெல்லாம் ஒரு அலமாரிக்குள் தள்ளி, கதவுக்கு டேப் ஒட்டினார். அடுப்பின் மேல் அலுமினியத் தாள் விரித்தார். வெளியே மரத்தடியில் இருந்த கிரில்லுக்கும் தாளைச் சுற்றி, அதன் மேல்தான் மக்காச்சோளம் சுட வேண்டும் என்றார். கேபினைச் சுத்தம் செய்ய வந்த ரிசார்ட்காரர் மகள் வாசலில் நின்று இதைப் பார்த்தாள். தன் துடைப்பத்தில் ஏதோ குறை என்று நினைத்திருப்பாள். பாவம், அவளுக்கு யார் விளக்கிச் சொல்வது?

எனக்கு ஒரு லாபம் இருந்தது. சமையலுக்குத்தான் நான் லாயக்கில்லையே! மற்றப் பெண்கள் ஏரிக்கரைக்கு வந்தும் சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருக்க, ஆண்கள் தாழ்வாரத்தில் சீட்டாடியபடி விசாவும் ஷேர் விலையும் பேச, நான் பேப்பர் பிளேட்டை மேஜையில் வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டேன். முதலில் காலால் மிதிக்கிற படகு. அது அவளுக்குச் சலித்ததும் கேனோ. துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று பெரியவர் ஒருமுறை காட்டினார். முதலில் வட்டம் வட்டமாகச் சுற்றினோம். பிறகு எப்படியோ கை பழகி, படகு நேராகப் போகத் தொடங்கியது. கரை மரங்களின் நிழலில் ஓட்டிக்கொண்டு போனோம். ஒரு கட்டையின் மேல் ஆமைகள் ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் கிட்டே போனதும் ஒவ்வொன்றாகத் தொப்பென்று விழுந்தன. மகள் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. சுடிதார் முழங்கால்வரை நனைந்து, கை வலித்து, முகம் வெயிலில் எரிய, அமெரிக்கா வந்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. மதியச் சாப்பாட்டுக்குக் கரையிலிருந்து கூப்பிட்டார்கள். காதில் விழாத மாதிரி இன்னொரு சுற்றுப் போய்விட்டு வந்தோம்.

சாயந்திரம் பெரியவர் குழந்தைகளைத் துறைக்குக் கூப்பிட்டார். வருகிற குழந்தைகளுக்கெல்லாம் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கமாம். மூங்கில் கழி, நரம்பு, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தக்கை, தகர டப்பாவில் மண்புழு. தலைவரின் மகன் ஆசையாக ஓடிவந்தான். அவன் அம்மா கரையிலிருந்தே, “வேண்டாம்டா, பாவம், அதுக்கு வலிக்கும்” என்று கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். அவன் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் கூப்பிட யாருமில்லாதவள் மாதிரி போய்க் கழியை வாங்கிக்கொண்டாள். புழுவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், ஆனால் விலகவில்லை.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் மகள் எதற்கும் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திடீரென்று தக்கை தண்ணீருக்குள் போய்விட்டது. கழி வளைந்தது. “அம்மா! அம்மா!” என்று கத்தினாளே தவிர, கையை விடவில்லை. பெரியவர் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு, கழியைத் தொடாமல், இழு, விடாதே, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளாகத்தான் இழுத்துப் போட்டாள். மீசையோடு, பளபளவென்று, பலகையில் துள்ளியது ஒரு கெளுத்தி. பவானி வாய்க்காலில் நாங்கள் பார்க்கிற அதே முகம்! முள் குத்திவிடும் என்று பெரியவர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, லாவகமாகப் பிடித்துத் தூண்டிலை எடுத்தார்.

பிறகு அவளிடம் கேட்டார். ஒரு குழந்தை பிடிக்கிற முதல் மீனை அவர் மனைவி அன்றைக்கே பொரித்துக் கொடுப்பார், முதல் வாய் பிடித்தவருக்குத்தான், உனக்குப் பொரித்துத் தரட்டுமா என்று.

என் மகளுக்குக் கெளுத்தி என்றால் உயிர். அவள் மீனைப் பார்த்தாள். பிறகு கரையைப் பார்த்தாள். அங்கே தலைவரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். மகள் முகத்தில் சற்றுமுன் இருந்த வெளிச்சம் அணைந்தது. முதுகை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

“நோ, தேங்க் யூ. வி ஆர் வெஜ்.”

பெரியவர் நல்லவர். அதனாலென்ன, அப்படியானால் இதைத் தண்ணீரில் விட்டுவிடலாம் என்று துறையின் விளிம்புக்குப் போய்க் குனிந்தார். அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழியத் தயாராக இருந்தது. ஆறு வயதுக் குழந்தை, தானே பிடித்த மீனைத் தனக்குப் பிடிக்காது என்று சொல்கிறது. யாரோ ஒருத்தி கரையில் நிற்கிறாள் என்பதற்காகச் சொல்கிறது. பெரியவர்கள் நாங்கள் பொய் சொல்லிப் பிழைத்துக்கொண்டு போவது எங்கள் தலையெழுத்து. அந்தப் பொய்க்கு என் பிள்ளை தன் மீனைக் கொடுக்க வேண்டுமா?

“வெயிட்!” என்று நான் கத்தியது ஏரியின் அக்கரைவரை கேட்டிருக்கும். “வி ஈட் ஃபிஷ். ஷீ லவ்ஸ் ஃபிஷ். ப்ளீஸ், டோன்ட் த்ரோ இட்.”

பெரியவர் மீனோடு திரும்பினார். மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துவிட்டாள்.

“பட் அப்பா செட்...” என்று இழுத்தாள்.

“அப்பா சொன்னது தப்பு கண்ணு. நீ சாப்பிடு. நாம மீன் சாப்பிடறவங்கதான்.”

அதற்குள் என் கணவர் சீட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி நான் கத்தியிருந்ததால், அவர் முடிந்தவரை மெல்லப் பேசினார்.

“என்ன பண்றே நீ? எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். உங்க புள்ள மீன் புடிச்சிருக்கறா. ஊரே பாக்கட்டும்.”

“ஐஸ்ல போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிடலாம். அங்க செஞ்சு குடு. யாருக்கும் தெரியாது.”

“யாருக்கும் தெரியாதுங்கறதுதான் எனக்கு வேண்டாம்ங்கறேன். இன்னிக்கு, இங்க, எல்லாருகூடவும் உக்காந்து அவ சாப்பிடோணும்.”

“கிரீன் கார்டு நேரத்துல அவரோட எதுக்கு வம்பு? கொஞ்சம் யோசி.”

“கிரீன் கார்டுல நீங்க என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டிருக்குதுங்களா?”

துறையில் இருந்த பலகை மேஜையில் பெரியவர் மீனை வைத்துச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தார். குறடால் தோலைப் பிடித்து ஒரே இழுவையில் உரித்தார். நான் வாய் திறப்பதற்குள் தலையை வெட்டித் தண்ணீரில் எறிந்துவிட்டார். ஆமைகளுக்கு நல்ல யோகம்.

கடைக்குப் பின்னால், கேஸ் அடுப்பில் பெரிய இரும்புச் சட்டி வைத்துக் கடலை எண்ணெய் ஊற்றியிருந்தார் பெரியவரின் மனைவி. அவர்கள் ஊர்ப் பக்குவம், சோளமாவில் புரட்டிப் பொரிப்பது. ஒரே மீன் போதாது, குடும்பத்தோடு சாப்பிடுங்கள் என்று தங்கள் ஃபிரிட்ஜிலிருந்தும் நாலைந்து துண்டுகள் எடுத்து வைத்திருந்தார். நான் எங்கள் பக்குவத்தில் செய்யட்டுமா என்று கேட்டதும் சட்டியை என்னிடம் விட்டுவிட்டு நகர்ந்து நின்றார். மக்காச்சோளத்துக்குத் தடவ வைத்திருந்த மிளகாய்த்தூளையும் உப்பையும் போய் எடுத்துவந்தேன். மஞ்சள்தூளும் எங்கள் சமையல் சாமானில் இருந்தது, எலுமிச்சம்பழம் அவரிடமே இருந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பிசறி, கொஞ்ச நேரம் வைத்துப் பொரித்தேன். எண்ணெயில் மீன் விழுந்ததும் எழுந்த வாசம் இருக்கிறதே, அதை அடக்க அங்கே ஜன்னல் இல்லை, ஃபேன் இல்லை, கதவுக்கடியில் துண்டு இல்லை. ஏரிக்காற்று அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் கேபின்களுக்குப் போயிற்று. போகட்டும் என்று இன்னொரு துண்டைப் போட்டேன்.

கேபின்களுக்கு நடுவே மரத்தடியில் நீளமான ஒரு மேஜை. குரூப் முழுக்க அங்கே உட்கார்ந்தாயிற்று. புளிசாதம், தயிர்சாதம், சப்பாத்தி, குருமா, வடு மாங்காய் எல்லாம் பரப்பியிருந்தது. நானும் மகளும் மீன் தட்டோடு போனோம். நான் கொண்டுவந்த அதே பேப்பர் பிளேட்தான். மகள் பெஞ்சில் ஏறி உட்காரப் போனாள். தலைவரின் மனைவி சிரித்த முகத்தோடு எழுந்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

“அந்தப் பக்கம் இன்னொரு டேபிள் இருக்கு பாருங்க. அங்க வெச்சு சாப்ட்டுட்டு, கை கழுவிட்டு வந்துடுங்களேன். நாங்க வெயிட் பண்றோம். தப்பா நெனச்சுக்காதீங்க.”

நம் ஊரில் ஒருவரை வாசலோடு நிறுத்துவதற்கு முன்னால் சொல்கிற வார்த்தை இது. இதைக் கேட்டவுடன், சேச்சே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று நாம் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. அதற்காகத்தான் அதைச் சொல்வதே.

“தப்பாத்தானுங்க்கா நெனக்கறேன்” என்றேன்.

மேஜையில் எல்லோருடைய கையும் அப்படியே நின்றது. அவருடைய சிரிப்பு என்ன செய்வது என்று தெரியாமல் முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

“ஏன் எமோஷனல் ஆகறீங்க? யாரும் உங்கள சாப்பிட வேணாம்னு சொல்லலையே. அது உங்க பர்சனல். ஆனா குரூப்னு வந்துட்டா ஒரு டிசிப்ளின் இருக்கு. எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிட்டுத்தான் போறோம்.”

“யாருங்க அட்ஜஸ்ட் பண்ணுனது? இத்தனை வருசமா உங்க தயிர்சாதத்துக்குப் பக்கத்துல நாங்க உக்காந்து சாப்பிட்டோம். ஒரு நாளாச்சு எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்கன்னு சொன்னமா? என்ற புள்ள புடிச்ச மீனு. அவ இங்கதான் உக்காந்து சாப்பிடுவா. வாசம் ஆகாதவங்க எந்திரிச்சுப் போலாம். நாங்களும் தப்பா நெனச்சுக்க மாட்டோம்.”

கோபம் வந்தால் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். அதுவரை அவர்கள் முன்னால் ‘என் பொண்ணு’ என்று பேசிக்கொண்டிருந்தவள் நான். சொல்லிவிட்டு மகளைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் கணவர் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். எந்தப் பக்கம் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்காக மன்னிப்புக் கேட்கிற ஒரு புன்னகையைத் தலைவரைப் பார்த்துத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரிந்த புன்னகை. அந்த நேரத்தில்தான் மகள் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, உண்மையான கவலையோடு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“ஓ நோ, அப்பா! தே த்ரூ அவே த ஹெட். யூ லவ் த ஹெட்!”

மீன் தலைக்காக உயிரை விடுகிறவர் என்று தெரிந்தபிறகு ஒரு மனிதர் என்ன புன்னகை செய்ய முடியும்? அவர் காது சிவந்தது. அவரையும் அறியாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வந்த பிறகு நின்றுகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பேசாமல் வந்து மகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவள் ஒரு வால் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள், அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

தலைவரின் மனைவி புளிசாதப் பாத்திரத்தை மூடினார். தயிர்சாதத்தை மூடினார். மகனை எழுப்பினார். அவன் திரும்பித் திரும்பி எங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே போனான். தலைவர் குருமாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். கேபின் கதவு சாத்தப்பட்டது. புது ஜோடி தட்டும் கையுமாக எழுந்து நின்று, தலைவர் கேபினுக்கும் மேஜைக்கும் நடுவே பாதி தூரம் போய், ஏரியைப் பார்க்கிற மாதிரி அங்கேயே நின்றுகொண்டது.

மதுரைப் பெண் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் கணவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்த சப்பாத்தியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தட்டை என் பக்கம் நீட்டினாள்.

“எனக்கொரு துண்டு வைங்கக்கா. வாசத்துல எச்சி ஊறுது.”

“நீங்க சாப்பிடுவீங்களா?” என்றேன். எனக்கு நம்ப முடியவில்லை.

“ஏங்க்கா, மதுரைக்காரிய பாத்து இப்படிக் கேக்குறீங்க? வாராவாரம் ஆக்குறோம். நீங்க சைவம்ல, செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கீகளேன்னு கதவுக்கடியில துணிய வெச்சுல்ல ஆக்குறேன்!”

நான் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு குடும்பங்கள் ஜன்னலை மூடிக்கொண்டு மீன் குழம்பு வைத்திருக்கிறோம். அப்படியும் எப்போதாவது கசிந்த வாசத்தை என்னவென்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். கீழ்வீட்டு பங்களாதேஷ் குடும்பம் என்று நினைத்தார்களாம். நாங்களும் அவர்களைத்தான் நினைத்திருந்தோம். அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன பழியெல்லாம் விழுந்திருக்கும்! மதுரைப் பெண் சிரித்ததில் புரையேறிவிட்டது. அவள் கணவன் ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்று சாப்பிட்டான்.

இதற்குப் பிறகு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கணவரின் வேலை போகவில்லை. கிரீன் கார்டு வர வேண்டிய நேரத்துக்குப் பல மாதங்கள் தள்ளி, எல்லோருக்கும் வருகிற மாதிரியே வந்தது. அவர் பயந்தது எதுவும் நடக்கவில்லை, நடந்திருந்தாலும் நான் மீனைத் தண்ணீரில் விடச் சொல்லியிருக்க மாட்டேன். தலைவரின் மனைவி எனக்குப் போன் பண்ணுவதை நிறுத்திக்கொண்டார். கொலுவுக்குக் கூப்பிடவில்லை. மற்றவர்கள், குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு அப்படி ஒரு சீன் தேவையா, தனியாகக் கூப்பிட்டு நல்லபடியாகச் சொல்லியிருக்கலாமே என்றார்கள். எதை நல்லபடியாகச் சொல்வது? பேப்பர் பிளேட்டை மட்டும் கொண்டுவா என்பதை அவர் எவ்வளவு நல்லபடியாகச் சொன்னார்! நல்லபடியாகச் சொல்லப்படுகிற விஷயங்கள்மீது எனக்கு அன்றோடு நம்பிக்கை போய்விட்டது. குழந்தைக்கு முன்னால் தொடங்கிய பொய்யைக் குழந்தைக்கு முன்னால்தான் முடிக்க வேண்டும்.

அன்றைக்கு அந்த மேஜையில் மகள் தன் மீனில் ஒரு முள் விடாமல் பொறுக்கிச் சாப்பிட்டாள். முதல் வாய்க்குப் பெரியவரும் அவர் மனைவியும் கடை வாசலில் நின்று கை தட்டினார்கள். சாப்பிட்டு முடித்து, விரல்களை நக்கிக்கொண்டே, ரொம்ப யோசனையாக என்னிடம் கேட்டாள்.

“அம்மா, நெக்ஸ்ட் டைம் ஆன்ட்டி கேட்டா, வாட் டு ஐ ஸே?”

“ஆன்ட்டி கேக்கற வரைக்கும் எதுக்குக் கண்ணு காத்திருக்கோணும்? நீயே சொல்லு.”

“நவ்?”

“இப்பவே சொல்லு.”

அவள் பெஞ்சிலிருந்து குதித்தாள். புது ஜோடியைத் தாண்டி, மஞ்சளும் எண்ணெயும் பூசிய கையோடு, சாத்தியிருந்த கேபின் கதவை நோக்கி ஓடினாள். என் கணவர் அவளைக் கூப்பிடப் பதறி எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவள் படியேறி, இரண்டு உள்ளங்கையாலும் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து யாராவது திறப்பார்களா என்று பார்க்கக்கூட இல்லை.

“ஆன்ட்டி! வி ஈட் ஃபிஷ்!”